என்டர் யாருடையது? மென்பொருள் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

கடைக்கும் கிளினிக்குக்கும் நூலகத்துக்கும் அலுவலகத்துக்கும் கணினியில் நிறுவி ஓட்டும் மென்பொருளை எழுதித் தருகிறவர்களுக்கு,

உள்ளீட்டுப் பெட்டியில் ஓரிரு எழுத்து அடித்ததும் கீழே விரிகிற பரிந்துரைப் பட்டியல், உங்களுக்கு அரை மணி நேர வேலை. விண்டோஸ் ஃபார்ம்ஸில் 2005 முதலே அது பெட்டியின் ஒரு பண்பாகக் கிடைக்கிறது. முறையைத் தேர்ந்து பெயர்களை ஏற்றிவிட்டால் போதும். கியூட்டியில் 2006 முதல் அதற்கென்றே ஒரு வகுப்பு உண்டு. ஜிடிகேயிலும் உண்டு. வாங்குபவரிடம் காட்டும்போது பட்டியல் அழகாக விரிகிறது, அவர் தலையசைக்கிறார், நீங்கள் அடுத்த திரைக்குப் போய்விடுகிறீர்கள். அதன்பிறகு அந்தப் பெட்டியோடு காலம் தள்ளுகிறவர் நீங்கள் அல்ல. காலையில் கல்லாவில் உட்கார்ந்து இரவு வரை பில் போடுகிறவர். டோக்கன் வரிசை நீண்டுகொண்டிருக்கும்போது நோயாளியின் பெயரைத் தேடுகிறவர். புத்தகம் திருப்பித் தருகிறவரை நிற்கவைத்துவிட்டு உறுப்பினர் பதிவைத் துழாவுகிறவர். இந்த மடல் அவர்கள் பக்கம் நின்று எழுதப்படுகிறது.

எங்கே தேடுவது, எதைப் பொருத்தம் என்று கொள்வது, எப்போது ஏற்றுக்கொள்வது என்று மூன்று முடிவுகள் இந்த வசதிக்குள் ஒளிந்திருக்கின்றன. முதலிரண்டுக்கு நீங்கள் ஓரளவு நேரம் ஒதுக்குகிறீர்கள். மூன்றாவதைக் கருவித்தொகுப்பின் போக்குக்கே விட்டுவிடுகிறீர்கள். பெரிய கேடு அங்கேதான் விளைகிறது.

2017 டிசம்பரில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்து மருத்துவமனை ஒன்றில், ஒரு நோயாளிக்குப் பதற்றம் தணிக்க வெர்செட் என்னும் மருந்து தர வேண்டியிருந்தது. மருந்து அலமாரியின் கணினியில் செவிலியர் அந்தப் பெயரின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளை அடித்தார். அலமாரியில் அந்த மருந்து மிடசோலம் என்ற பொதுப்பெயரில் பதிவாகியிருந்ததால் பட்டியலில் வரவில்லை. அதே இரண்டு எழுத்தில் தொடங்கும் வெக்குரோனியம் வந்தது. தசைகளை முடக்கி மூச்சை நிறுத்தக்கூடிய மருந்து அது. எச்சரிக்கைகளைக் கடந்து அது எடுக்கப்பட்டது, செலுத்தப்பட்டது, நோயாளி இறந்தார். செவிலியர் மீது வழக்கு நடந்து 2022இல் தீர்ப்பும் வந்தது. மனிதத் தவற்றைப் பற்றி நீதிமன்றம் பேசி முடித்துவிட்டது. இரண்டே எழுத்துக்குப் பட்டியல் நீட்டிய பெட்டியைப் பற்றியும், வார்டில் எல்லோரும் சொல்லும் பெயரைத் தேடலில் கண்டுகொள்ளாத பெட்டியைப் பற்றியும் பேச வேண்டியவர்கள் நீங்கள். பாதுகாப்பான மருந்துப் பயன்பாட்டுக்காக இயங்கும் அமெரிக்க அமைப்பு, இத்தகைய அலமாரிகளில் மருந்துப் பெயரின் முதல் 5 எழுத்துகளையாவது அடித்த பிறகே தேட விட வேண்டும் என்று அறிவுறுத்துகிறது. உங்கள் மருந்துக்கடை மென்பொருள் எத்தனை எழுத்தில் பட்டியலை விரிக்கிறது என்று இன்றே திறந்து பாருங்கள்.

மருந்தை விட்டு மளிகைக்கு வந்தாலும் சிக்கல் இதேதான். பார்கோடு ஸ்கேனர் கணினியின் கண்ணுக்கு ஒரு விசைப்பலகை. எண்களை மளமளவென்று அடித்து முடித்து, பெரும்பாலும் கடைசியில் ஒரு என்டரையும் சேர்த்து அனுப்பும். இந்தியாவில் பதிவான நிறுவனங்களின் பார்கோடுகள் 890 என்று தொடங்குபவை. ஆகவே மூன்று எண் விழுந்ததும் கடையின் பாதிச் சரக்கு பட்டியலில் வந்து நிற்கும். முதல் வரி தானாகவே தேர்வாகும்படி நீங்கள் வைத்திருந்தால், பட்டியல் புதுப்பிக்கப்படுவதற்குள் வந்து சேரும் அந்த என்டர் வேறொரு பொருளைப் பில்லில் ஏற்றிவிடும். வாடிக்கையாளர் கண்டுபிடித்தால் சண்டை, கண்டுபிடிக்காவிட்டால் ஸ்டாக்கில் குளறுபடி. இரண்டுக்கும் திட்டு வாங்குகிறவர் கல்லாவில் இருப்பவர்தான்.

ஆகவே முதல் வேண்டுகோள்: என்டர் அடிப்பவருடையது, பட்டியலுடையது அல்ல. பட்டியல் விரியும்போது எந்த வரியும் தேர்வாகியிருக்கக் கூடாது. அம்புக்குறி விசையாலோ மவுஸாலோ அவர் ஒரு வரியைத் தொட்ட பிறகுதான் என்டர் அந்த வரியை ஏற்க வேண்டும். தொடாதவரை, அடித்தது அடித்தபடியே நிற்க வேண்டும். டேப்புக்கும் அதே விதி. எஸ்கேப் பட்டியலை மட்டும் மூடட்டும். ஒருமுறை எஸ்கேப் அடித்ததும் பட்டியலோடு சேர்த்து ஜன்னலையே மூடி, பாதி போட்ட பில்லைத் தூக்கி எறியும் மென்பொருள்கள் இன்றும் விற்பனையில் இருக்கின்றன.

பெட்டிகள் இரண்டு வகை என்பதையும் நீங்கள் குழப்பிக்கொள்கிறீர்கள். சரக்கு, மருந்து, கணக்குத் தலைப்பு போன்றவற்றில் பதிவேட்டில் இல்லாத எதுவும் உள்ளே வரக் கூடாது. பெயர், முகவரி, குறிப்பு போன்றவற்றில் புதியது வந்துகொண்டேதான் இருக்கும். முதல் வகையில் அடித்தது எதோடும் பொருந்தாவிட்டால் பெட்டி அங்கேயே நின்று அதைச் சொல்ல வேண்டும். கிட்டத்தட்டப் பொருந்துவதைச் சத்தமில்லாமல் எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது. இரண்டாம் வகையில் அடிப்பவர் சொன்னதே முடிவு. இரண்டுக்கும் ஒரே நிரலை ஒட்டிவைப்பதால்தான், பதிவேட்டில் இருக்கும் கடன் வாடிக்கையாளரின் பெயர் பட்டியலில் வராமல், அவருக்கே இன்னொரு கணக்கு முளைக்கிறது. பாக்கி இரண்டு பெயரில் பிரிந்து கிடக்கும். வசூலுக்குப் போகிறவர் பாதித் தொகையைக் கேட்டுவிட்டு வருவார்.

பெயர் ஏன் பட்டியலில் வரவில்லை என்ற கேள்வியில்தான் தமிழ் வருகிறது. இந்த மடல் சொல்ல வரும் இரண்டாவது பெரிய குறையும் அதுவே. உங்கள் பெட்டியை ஆங்கிலத்தில் சோதித்துவிட்டு, தமிழ் எழுத்துரு சரியாகத் தெரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, தமிழுக்கும் ஆயிற்று என்று அனுப்பிவிடுகிறீர்கள்.

தமிழ்ப் பெயரில் தலைப்பெழுத்து முன்னால் வருகிறது. பதிவேட்டில் ‘க. முருகன்’ என்று இருக்கிறது. வந்தவர் தம் பெயரை முருகன் என்று சொல்கிறார். அடிப்பவர் ‘முரு’ என்று அடிக்கிறார். விண்டோஸ் ஃபார்ம்ஸின் உள்ளமைந்த வசதி வரியின் தொடக்கத்தை மட்டுமே பார்க்கும். அதன் கணக்கில் அந்த வரி ‘க’வில் தொடங்குகிறது, ஆகவே முருகன் இல்லை. கியூட்டியும் இயல்பாக இப்படித்தான். நடுவிலும் தேடும் வழி அதில் 5.2ஆம் பதிப்பிலிருந்தே இருக்கிறது, ஆனால் கேட்டால்தான் தரும். வரியில் எங்கிருந்தாலும் பொருத்தம் என்று திறந்துவிடுவதும் சரியல்ல. ‘மணி’ என்று அடித்தால் சுப்பிரமணியன் முதல் ரமணி வரை எல்லோரும் வந்து குவிவார்கள், மணி கீழே எங்கோ இருப்பார். ஒவ்வொரு சொல்லின் தொடக்கத்தையும் பார்ப்பதே நடுவழி. தலைப்பெழுத்தைத் தனிப் புலமாக வைத்துவிட்டால் இன்னும் நல்லது. காட்டும்போது முன்னால் சேர்த்துக் காட்டலாம்.

அடுத்தது, எழுத்து உருவாகும் விதம். ஒலிபெயர்ப்பு முறையில் தட்டச்சு செய்கிறவர் ‘முருகன்’ அடிக்கும்போது, நான்கெழுத்துச் சொல்லின் பாதி வழியில் பெட்டியில் ‘முருக்’ என்று நிற்கும். பிறகு ஒரு விசை விழுந்து புள்ளி மறைந்து ‘முருக’ ஆகும். ‘முருக்’ என்று தொடங்கும் பெயர் உங்கள் பட்டியலில் இல்லை; அந்த நொடியில் பட்டியல் காலியாகி மூடிக்கொள்ளும், அடுத்த விசையில் மறுபடி விரியும். ஒவ்வொரு மெய்யிலும் இந்தச் சிமிட்டல். கேசவன் அடிக்கிறவர் பல கருவிகளில் ‘கெ’ வழியாகவே ‘கே’வுக்குப் போவார், கீதாவை அடிக்கிறவர் ‘கி’யைக் கடப்பார், சில கருவிகளில் ‘த்’ வருவதற்கு முன் ‘ட்’ வந்துபோகும். தீர்வு கடினமானதல்ல. கடைசி எழுத்து இன்னும் முடிவாகவில்லை என்றே எப்போதும் வைத்துக்கொள்ளுங்கள். புள்ளியில் முடிந்தால் புள்ளியை நீக்கிவிட்டுத் தேடுங்கள். யூனிகோடில் புள்ளி மெய்க்குப் பின்னால் தனிக்குறியாக வருவதால், ‘முத’ என்று தேடினாலே முத்துவும் வருவார், முதலியாரும் வருவார். புள்ளியோடு பொருந்துகிறவரை மேலே வைத்தால் போதும். குறிலில் முடிந்தால் நெடிலையும் சேர்த்துத் தேடுங்கள். தமிழ்99 விசைப்பலகையில் இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் உங்கள் பயனர் எந்த விசைப்பலகையைப் பயன்படுத்துகிறார் என்பதை நீங்கள் முடிவுசெய்ய முடியாது.

அடித்த எழுத்துக்குப் பின்னால் மீதிச் சொல்லைத் தானாக நிரப்பி நீலத்தில் காட்டும் முறையைத் தமிழ்ப் பெட்டியில் தயவுசெய்து போடாதீர்கள். ‘ம’ என்று அடித்தவருக்கு ‘ுருகன்’ என்பதைத் தேர்வுப் பகுதியாக ஒட்டுவது எழுத்தையே நடுவில் வெட்டுவதாகும். பல இடங்களில் புள்ளிவட்டத்தின் மேல் உயிர்க்குறி தொங்கும். அதைவிட மோசம், முந்தைய எழுத்தை அழித்துப் புதியதை இடும் வகைத் தட்டச்சுக் கருவிகள். அவை அனுப்பும் பேக்ஸ்பேஸ், முந்தைய எழுத்தை அழிப்பதற்குப் பதில் நீங்கள் ஒட்டிய பகுதியை அழித்துவிடும். முதலியாரை அடிக்கிறவருக்கு ‘முத’ வர வேண்டிய இடத்தில் ‘முத்த’ நிற்கும். பயனர் தம் விரலைக் குறை சொல்லிக்கொள்வார். பட்டியலில் பொருந்திய பகுதியைத் தடித்துக் காட்டும்போதும் எழுத்தின் எல்லையில்தான் நிறுத்த வேண்டும்; ‘கொ’வில் ககரத்தை மட்டும் தடிப்பாக்கினால் வரி சிதையும். குறைந்தபட்ச எழுத்து எண்ணிக்கையையும் குறியீடுகளால் எண்ணாதீர்கள். ‘மு’ உங்கள் நிரலுக்கு இரண்டு, அடிப்பவருக்கு ஒன்று.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு வேறாக இருப்பது இன்னொரு தலைவலி. ‘கொ’வின் ஒகரக்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். யூனிகோடு இரண்டையும் சமம் என்கிறது. நேரடியாக ஒப்பிடும் நிரல் வேறு வேறு என்கிறது. ஜிடிகேயின் இயல்பான பொருத்தும் செயற்கூறு இரு பக்கத்தையும் சீராக்கிவிட்டுத்தான் ஒப்பிடுகிறது. மற்ற இடங்களில் அந்தச் சீராக்கலை நீங்கள்தான் செய்ய வேண்டும்; பெரும்பாலான நிரல்மொழிகளில் அதற்கு ஒரு வரிச் செயற்கூறு இருக்கிறது. ஆனால் அது தொடாத இடங்கள் உண்டு. ஔவையாரின் முதலெழுத்தை ‘ஒ’வும் ‘ள’வுமாக அடிப்பவர்கள் ஏராளம். கௌரியிலும் ஔகாரக்குறியின் பின்பாதிக்குப் பதில் ளகரத்தையே அடிப்பார்கள்; திரையில் வித்தியாசமே தெரியாது. ஸ்ரீ இன்னும் சிக்கல். ஸகரத்தை வைத்து எழுதிய ஸ்ரீ ஒன்று. 2005இல் யூனிகோடு 4.1இல் சேர்ந்த ஶகரத்தை வைத்து எழுதிய ஸ்ரீ இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம். சீராக்கும் செயற்கூறு இவற்றைச் சமமாக்காது. ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவர் நேற்று ஒரு கணினியில் பதிவாகியிருப்பார், இன்று பக்கத்துக் கணினியில் கிடைக்கமாட்டார்.

இதற்கு வழி, மூலப் பெயரைத் தொடாமல் பக்கத்தில் ஒரு தேடல் வடிவத்தைச் சேமிப்பது. அதில் எல்லா ஔகாரத்தையும் ‘ஒள’ வடிவுக்கு மாற்றுங்கள்; இரண்டு ஸ்ரீயையும் ஒன்றாக்குங்கள்; இராமனின் இகரத்தையும் இலட்சுமியின் இகரத்தையும் உதிர்த்துவிடுங்கள்; ஷண்முகத்தைச் சண்முகமாக்குங்கள். அடிப்பவர் தரும் எழுத்துகளையும் அதே வழியில் மாற்றித் தேடுங்கள். வேண்டாத பெயர் ஒன்றிரண்டு கூட வரலாம், வேண்டிய பெயர் விடுபடாது. இதில் எவ்வளவு தூரம் போவது என்பதற்கு ஒரு வரம்பு வேண்டும். லகர, ளகர, ழகரங்களை ஒன்றாக்கினால் பழனியும் பளனியும் சேர்வது நல்லதுதான், ஆனால் பட்டியல் நீண்டு பயனற்றுப் போகும். அப்படிப்பட்ட தளர்ந்த பொருத்தங்களை, நேர்ப்பொருத்தம் எதுவும் இல்லாதபோது மட்டும் காட்டுவதே முறை. பழைய பாமினி எழுத்துருவில் ஏறிய பதிவுகளை வைத்திருப்பவர்கள் முதலில் அவற்றை யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். கெ, கே, கை மூன்றிலும் அங்கே கொம்பு எழுத்துக்கு முன்னால் சேமிக்கப்பட்டிருக்கும். முன்னொட்டுத் தேடலுக்கு அது இடமே தராது.

வரிசையிலும் கவனம் தேவை. குறியீட்டு எண்படி அடுக்கினால் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் வரும். அகரவரிசை அறிந்தவர் எங்கே தேடுவது என்று தெரியாமல் விழிப்பார். தமிழுக்கான வரிசைமுறை இயங்குதளங்களிலேயே இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். அடிக்கடி வருபவரை மேலே தூக்கிவைக்கும் முறை கேட்க நன்றாக இருக்கிறது. நாள் முழுக்க அடிக்கிறவருக்கு அது தொல்லை. நேற்று மூன்றாவது வரியில் இருந்தவர் இன்று முதல் வரியில் இருந்தால், பழகிய விரல் தவறானவரைத் தேர்ந்துவிடும். கல்லாவுக்கு மாறாத வரிசையே நல்லது. ஒரே பெயரில் ஐந்து பேர் இருந்தால் ஊரையோ தெருவையோ பக்கத்தில் காட்டுங்கள். பட்டியலின் அகலத்தைப் பெட்டியின் அகலத்தோடு கட்டிப்போடாதீர்கள். தமிழ்ப் பெயர் நீளமானது.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 0.1 விநாடிக்குள் பதில் வந்தால்தான் உடனே வந்ததாக மனிதருக்குத் தோன்றும் என்று பயன்படுதன்மை வல்லுநர் யாகோப் நீல்சன் 1993லேயே எழுதிவிட்டார். 50,000 பெயர்களை நினைவகத்தில் வைத்தாலும் சில மெகாபைட்தான் ஆகும். ஒவ்வொரு விசைக்கும் தரவுத்தளத்திடம் ஓட வேண்டாம். ஓடித்தான் ஆக வேண்டும் என்றால் திரையை இயக்கும் இழையில் ஓடாதீர்கள். ‘மு’வுக்கான பதில் ‘முரு’வுக்கான பதிலுக்குப் பிறகு வந்து சேர்ந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள்.

பெட்டி எதை நினைவில் வைக்கிறது என்பதற்கும் நீங்கள்தான் பொறுப்பு. அடித்ததையெல்லாம் கற்றுக்கொள்ளும் பெட்டி, ஒருவர் ஒருமுறை தவறாக அடித்த ‘முருகண்’ணை ஆயுள் முழுக்கப் பரிந்துரைக்கும். ஒரு வரியை அங்கேயே நீக்க வழி வையுங்கள். கிளினிக்கின் திரை பல நேரம் வரிசையில் நிற்பவருக்கும் தெரிகிறது. நோயின் பெயர், கைபேசி எண், ஆதார் எண் ஆகிய பெட்டிகளில் முன்பு அடித்தவற்றைக் காட்டுவது ஒருவரின் விவரத்தை இன்னொருவரிடம் கொடுப்பதாகும். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023இல் சட்டமே வந்துவிட்டது. சட்டம் வராவிட்டாலும் அது தவறுதான்.

பார்வையற்ற ஊழியர்களை மறந்துவிடாதீர்கள். என்விடிஏ என்னும் இலவசத் திரைபடிப்பான், ஈஸ்பீக் குரலில் தமிழையும் படிக்கிறது. ஆனால் நீங்கள் சொந்தமாக வரைந்த பட்டியல் அதன் காதில் விழாது. பட்டியல் திறந்தது, இத்தனை வரி இருக்கிறது, இந்த வரியில் நிற்கிறீர்கள் என்பதை இயங்குதளத்தின் அணுகல் இடைமுகம் வழியாக அறிவித்தால்தான் அவருக்கு உங்கள் பட்டியல் இருக்கிறது என்றே பொருள். கருவித்தொகுப்பு தரும் பட்டியலில் இது பெரும்பாலும் தானாகவே நடக்கும். அழகுக்காக அதைக் கழற்றிவிட்டுச் சொந்தமாக வரையும்போது இதையும் சேர்த்துக் கழற்றிவிடுகிறீர்கள்.

இவற்றில் எதற்கும் புதிய தொழில்நுட்பம் வேண்டாம், கூடுதல் சர்வர் வேண்டாம். சில நாள் வேலை, அவ்வளவுதான். அடுத்த பதிப்பை அனுப்பும் முன் உங்கள் சோதனைப் பதிவேட்டில் க. முருகன், இராமன், ஔவை, ஸ்ரீரங்கம், கேசவன் என்று ஐந்து பெயர்களை ஏற்றுங்கள். ஒரு முறை தமிழ்99இலும் ஒரு முறை ஒலிபெயர்ப்பு முறையிலும் அடித்துப் பாருங்கள். பட்டியல் திறந்திருக்கும்போது ஒரு ஸ்கேனரால் பார்கோடைப் படியுங்கள். பிறகு, கல்லாவில் இருப்பவரை ஒரு மணி நேரம் அந்தப் பெட்டியில் அடிக்கவிட்டு, வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே திருத்திவிட்டு, அதன்பிறகு பதிப்பை வெளியிடுங்கள்.